ரோல் கேமரா, பழைய டி.எஸ்.எல்.ஆர்., புதிய மிரர்லெஸ்: வேலூரில் தொடங்குபவருக்கு ஏற்றது எது?

பொழுதுபோக்காகப் படமெடுக்க முனைபவர் முன்னால் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: பீரோவில் உறங்கும் அப்பா காலத்து ரோல் (ஃபிலிம் சுருள்) கேமரா, செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே இருக்கும் கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் டிஜிட்டல் கேமரா), கடையில் புதிதாக வாங்கும் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா). கைப்பேசியை இந்த அலசலில் நான் சேர்க்கவில்லை. நல்ல வெளிச்சத்தில் அது அருமையாகப் படமெடுக்கிறது. ஆனால் பெரும்பாலான கைப்பேசிகளில் லென்ஸின் துளையளவை மாற்ற முடியாது என்பதால், கற்றுக்கொள்ள வேண்டிய கலையில் ஒரு பகுதி அதில் இல்லாமலே போய்விடுகிறது. மற்ற மூன்றையும் மெகாபிக்சல் கணக்கால் அளப்பதைவிட நம் ஊர் வெளிச்சத்தில் வைத்து அளப்பதே முறை என்று கருதுகிறேன்.

முதலில் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம். யாளிகளும் பாயும் குதிரை வீரர்களும் செதுக்கப்பட்ட அந்தத் தூண்களுக்குப் பக்கவாட்டிலிருந்து மட்டுமே வெளிச்சம் வருகிறது. உள்ளே செல்லச் செல்ல இருள் கூடுகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதால், கையில் பிடித்தே எடுத்தாக வேண்டும். இங்கே பழைய ரோல் கேமரா ஒரு விஷயத்தில் புதியவற்றை முந்துகிறது. அந்தக் காலத்து எஸ்.எல்.ஆர். கேமராக்கள் (டி.எஸ்.எல்.ஆரின் ஃபிலிம் முன்னோடிகள்) பெரும்பாலும் எஃப் 1.8 அல்லது எஃப் 2 (எண் சிறிதானால் துளை பெரிது) துளையுள்ள 50 மி.மீ. லென்ஸோடு விற்கப்பட்டன, இன்றைய ஆரம்பநிலை கேமராக்களோடு வரும் கிட் லென்ஸோ, ஜூம் செய்தால் எஃப் 5.6 அளவுக்கோ அதற்கும் கீழேயோ சுருங்கிவிடுகிறது. எஃப் 1.8 துளை, எஃப் 5.6 துளையைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. புதிய டிஜிட்டல் கேமராவை வாங்கியவர் மண்டபத்துக்குள் மங்கலான படமே கிடைத்ததென்று வருந்தினால், குறை பெரும்பாலும் பாடியில் அல்ல, லென்ஸில்தான் இருக்கும்.

எனினும் அந்த முந்துதல் அங்கேயே நின்றுவிடுகிறது. 400 ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) ரோலைப் போட்டுவிட்டால் 36 படங்களும் முடியும்வரை அதே உணர்திறன்தான். டிஜிட்டலில், மண்டபத்துக்குள் 1600 வைத்துவிட்டு, வெளியே வந்ததும் 100-க்கு இறக்கிவிடலாம். ஆகவே பெரிய துளையுள்ள, ஜூம் இல்லாத ஒரு நிலையான லென்ஸை டிஜிட்டல் பாடியில் பொருத்துவதே சரியான சேர்க்கை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆரம்பநிலை டிஜிட்டல் கேமராக்களின் சென்சார் பொதுவாக 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியது, அதனால் 50 மி.மீ. லென்ஸ், நிகானில் 75 மி.மீ. போலவும் கேனானில் 80 மி.மீ. போலவும் குறுகிய பார்வையைத் தருகிறது. முழுத் தூணையும் அடக்கப் பின்னால் நகர்ந்தால் இடையில் இன்னொரு தூண் வந்துவிடும். இத்தகைய இடங்களுக்குப் பார்வை அகலமான 35 மி.மீ. அல்லது 24 மி.மீ. நிலை லென்ஸ்தான் உதவும்.

அடுத்தது சித்திரை வெயில். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் அகழிக் கரையில் நின்றால், கருங்கல் மதிலின் நிழலுக்கும் வெளுத்த வானத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகப் பெரியது. ரோலிலிருந்து டிஜிட்டலுக்கு மாறுபவர் தம் கைப்பழக்கத்தையே இங்கே திருப்பிப் போட வேண்டும். கலர் நெகட்டிவ் ஃபிலிம், வெளிச்சம் கூடினாலும் தாங்கிக்கொள்ளும், குறைந்தால்தான் நிழல் பகுதிகள் செத்துப்போகும். அதனால் பழைய கைகள் சற்றுக் கூடுதலாகவே வெளிச்சம் கொடுத்துப் பழகியவை. டிஜிட்டல் சென்சாரில் வெளுத்துப்போன வானம் திரும்பக் கிடைக்காது. இருண்ட நிழலையோ, ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) சேமித்திருந்தால், பிறகு ஓரளவு மீட்கலாம். எனவே வானத்தைக் காப்பாற்றும்படி வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்க வேண்டும். மிரர்லெஸ்ஸின் மின்திரை வியூஃபைண்டர், படம் எப்படி வரும் என்பதை ஷட்டரை அழுத்தும் முன்பே காட்டிவிடுகிறது, டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் வழியே எடுத்தால், எடுத்த பிறகுதான் திரையில் தெரியும். ரோலில் கழுவி வந்த பிறகுதான்.

ரோல் கேமரா பொறுமையையும் ஒழுங்கையும் கற்றுத்தரும் என்ற வாதம் பொய்யல்ல. ஆனால் கற்பவருக்கு வேண்டியது தவறு உடனே தெரிவது. எந்தப் படத்தை எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தோம் என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தாலொழிய, கழுவி வரும் ரோல் எதையும் சொல்லிக்கொடுக்காது. டிஜிட்டல் கோப்பில் அந்த விவரங்கள் தாமாகவே பதிந்துவிடுகின்றன. செலவும் சிறியதல்ல. உதகமண்டலத்தில் இந்து என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த அரசுத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டு ரோலை வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்தால் ஒரு ரோலுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. துளையும் வேகமும் கைக்கு வசமான பிறகு ரோலுக்குப் போவது பேரானந்தம். தொடக்கமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். 2018-இல் மிரர்லெஸ்ஸுக்கென்று நிகான் இசட் மவுண்ட்டையும் (லென்ஸை மாட்டும் பொருத்தி) கேனான் ஆர்.எஃப். மவுண்ட்டையும் கொண்டுவந்த பிறகு, புதிய லென்ஸ்கள் ஏறத்தாழ எல்லாம் மிரர்லெஸ்ஸுக்கே வருகின்றன. அதன் பயனாக, பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகளும் லென்ஸ்களும் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலைக்கு இறங்கியிருக்கின்றன. பேட்டரியிலும் டி.எஸ்.எல்.ஆருக்கே மேன்மை: நிகான் டி3500 ஒரு சார்ஜில் 1550 படங்கள் வரை தரும் என்பது தயாரிப்பாளரின் அளவீடு; ஆரம்பநிலை மிரர்லெஸ்ஸில் சில நூறுதான். பறவைகளையும் ஓடும் குழந்தைகளையும் எடுப்பவருக்கும், வீடியோ முக்கியம் என்பவருக்கும், கண்ணையே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ்ஸின் ஃபோகஸ் கூடுதல் பணத்துக்குத் தகும்.

வீட்டில் பழைய லென்ஸ் இருப்பவர் அதை வைத்தே முடிவெடுக்கலாம். 1987 முதல் வந்த கேனான் இ.எஃப். லென்ஸ்கள் கேனான் டி.எஸ்.எல்.ஆரில் அப்படியே வேலை செய்யும். அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ்கள் பொருந்தா. நிகான் டி3500, டி5600 பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். மிரர்லெஸ்ஸிலோ லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், அடாப்டர் ஒன்றின் மூலம் எஃப்.டி., மினோல்டா, பென்டாக்ஸ் என்று ஏறக்குறைய எதையும் மாட்டலாம்.

ஜவ்வாது மலையில், காவலூர் வானியல் ஆய்வகம் அமைந்த அந்தப் பகுதியின் இரவு வானத்துக்கு இரண்டு டிஜிட்டலும் சமமே. ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்தால் ஃபிலிமோ தன் உணர்திறனை இழந்துகொண்டே போகும்.

ஆக, பெரும்பாலோருக்கு என் பரிந்துரை செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆரும் ஒரு 35 மி.மீ. நிலை லென்ஸும். வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஆரம்பநிலை பாடிகளின் ஷட்டர் பொதுவாக 1 லட்சம் முறைக்கென்று வடிவமைக்கப்படுவது. லென்ஸின் ஒரு பக்கத்தில் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வலை போன்ற பூஞ்சை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். எஃப் 16-இல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரின் தூசி புள்ளிகளாகத் தெரியும்; அதைச் சுத்தம் செய்துவிடலாம் என்பதால், விலை பேச மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.