பேலன்ஸ் போர்டு, ஃபோம் மெத்தை, பருத்தித் துண்டு: நானும் வீட்டுக்காரரும் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

ஏறி நின்றால் ஆடுகிற, மரத்தில் செய்த வட்டமான பேலன்ஸ் போர்டு ஒன்று, மேலே நின்று பழக தடிமனான ஃபோம் மெத்தை ஒன்று, அப்புறம் வீட்டிலேயே கிடந்த நீளமான பருத்தித் துண்டு. இந்த மூன்றையும் கடலூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வருடங்களாக நானும் வீட்டுக்காரரும் பயன்படுத்தி வருகிறோம். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அவருக்கு அறுபது நெருங்குகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம், ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இவை ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. உடம்பு வளைவதா, ஆடாமல் நிற்பதா, உங்களுக்கு எது குறைச்சல் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நான் குனிந்தால் உள்ளங்கை தரையில் படும். அவருக்கு விரல்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். எங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. பிரேசிலில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவரின் குழு, 46 முதல் 65 வயது வரை உள்ள 3139 பேருக்கு ஏழு மூட்டுகளில் 20 அசைவுகளை அளந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், உடம்பு வளைவதற்கான பெண்களின் மதிப்பெண் ஆண்களைவிட 35 சதவீதம் அதிகம். பொதுவாகவே ஆண்களுக்குத் தசையின் கனமும் விறைப்பும் கூடுதல், பெண்களின் தசைநார்கள் சற்று இளக்கமானவை, ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அந்த அளவீட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அளக்கிறவர்தான் நம் மூட்டைப் பிடித்து அசைப்பார். மூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும், போன இடத்தில் அதை நம்மால் பிடித்து நிறுத்த முடியுமா என்பது அதில் தெரியாது.

அதைக் காட்டிக்கொடுத்தது போர்டுதான். அவ்வளவு வளைகிற நான் அதில் ஏறியதும் அவரைவிட அதிகமாக ஆடினேன். வீட்டுக்கு வந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா என் முழங்காலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: மூட்டு இளக்கமாக இருக்கிறவர்கள் நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிவிடுவார்கள், எடை முழுவதும் தசைநார்மேல் தொங்கும், தொடைத்தசை சும்மா இருக்கும். தரையில் நிற்கும்போது இது தெரியாது. ஆடுகிற பலகையில் பூட்டிய முழங்காலோடு நிற்கவே முடியாது, லேசாக மடக்கித்தான் ஆக வேண்டும், மடக்கினால் தொடை தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும். நம் மாவட்டத்திலேயே சிதம்பரம் கோயில் கோபுர வாசல்களில் இருக்கிற 108 கரணச் சிற்பங்களை, அதாவது நடன நிலைச் சிற்பங்களை, போய்ப் பாருங்கள், ஆடுகிற அந்தப் பெண்கள் எப்படி முழங்காலை மடக்கி நிற்கிறார்கள் என்று. எனக்கு முட்டி வலி பெருமளவு குறைந்ததற்கு இந்தப் போர்டுதான் காரணம் என்று நம்புகிறேன். இன்னும் நீட்டி நெளித்துக்கொண்டே இருந்திருந்தால் குறைந்திருக்காது.

அவர் கதை நேர் எதிர். கெண்டைக்காலும் கணுக்காலும் இறுக்கம். நிற்கும்போது உடம்பு கொஞ்சம் சாய்ந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது கணுக்கால், அது அசையாவிட்டால் இடுப்பு வெட்டி இழுக்கும், கை அலைபாயும். "ஏங்க, செவுத்தப் பிடிக்காதீங்க" என்று நானும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பலன் கொடுத்தது போர்டு இல்லை, காசு கொடுக்காமல் கிடைத்த துண்டுதான். காலை நீட்டி உட்கார்ந்து, துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்து, 30 விநாடி பிடித்து விட வேண்டும், வெட்டி வெட்டி இழுக்கக் கூடாது, நடந்துவிட்டு வந்து உடம்பு சூடாக இருக்கும்போது செய்ய வேண்டும். சில மாதங்களில் வித்தியாசம் தெரிந்தது. இப்போது கல்யாணப் பந்தியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறார், எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். கணுக்கால் இளகிய பிறகுதான் போர்டும் அவருக்கு வசப்பட்டது.

ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கிற சோதனையை இருவருமே செய்து பாருங்கள். அதே அராவ்ஜோ குழு 2022இல் வெளியிட்ட ஆய்வில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1702 பேரில் ஐந்தில் ஒருவரால் அது முடியவில்லை. முடியாதவர்களுக்கு அடுத்த ஏழு வருடத்தில் இறப்பு அபாயம் 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. இதனால் ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பின் நிலையைக் காட்டுகிற ஓர் அடையாளம் அது, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இன்னும் கஷ்டம், ஏனென்றால் கண், உட்காது, மூட்டிலும் பாதத்திலும் இருக்கிற உணர்வு என்ற மூன்றில் ஒன்று போய்விடுகிறது. கண்ணை மூடும்போது சுவர் மூலையில் நில்லுங்கள்.

பொருளின் தரம் பற்றி: நம் ஊர் கடல் காற்றுக்கு பிளைவுட் விளிம்பு உப்பி, மேலே ஒட்டியிருந்த சொரசொரப்புத் தாளும் உரிந்துவிட்டது. வார்னிஷ் அடித்து, புதுத் தாள் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டைல்ஸ் தரையில் நேராக வைத்தால் வழுக்கும், கீழே ரப்பர் பாய் கட்டாயம், கோரைப்பாய் போட்டால் அதுவும் சேர்ந்து நகரும். ஃபோம் மெத்தை ஒரே வருடத்தில் நடுவில் அமுங்கி, தரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அதை மறுபடி வாங்க மாட்டேன். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மணலை விட்டு உலர்ந்த மணலில் நடந்தால் அதே வேலை இன்னும் நன்றாக நடக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும், விழுந்தால் சாதாரணமாகப் போகாது, அதனால் என் வயதுக்காரர்கள் இடுப்பு வளைவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் நிற்கிற பலத்தைப் பாருங்கள். தலைசுற்றல் இருப்பவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள் போர்டு பக்கம் போக வேண்டாம். என் மாமியாருக்கு கனமான மர நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது மட்டும்தான், அதையும் பக்கத்தில் ஆள் இருக்கும்போதுதான் செய்யச் சொல்கிறோம்.