ஜாக்சன் ஹைட்ஸில் கோ-ஆப் வீடு பார்க்கிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் இதைப் படியுங்கள்

நாங்கள் குடிபோன பதினோராவது வாரம் கட்டடத்தில் எரிவாயுவை நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் அடுப்பு எரியவில்லை. அதற்கு நடுவில் 18,860 டாலர் கூடுதலாகக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டும் வரப்போகிறது என்று போர்டுக்கு, அதாவது கட்டடத்தை நிர்வகிக்கும் குழுவுக்கு, முன்பே தெரியும். எழுதியும் வைத்திருந்தார்கள். அதைப் படித்துச் சொல்லவேண்டிய வக்கீல் படிக்கவில்லை, காசு கொடுத்து அவரை அமர்த்திய நாங்களும் கேட்கவில்லை.

வீடு நியூயார்க்கில், குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் இருக்கிறது. ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு மேலே 1917இல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, 1920களில் வரிசையாக எழுந்த கட்டடங்களில் ஒன்று. ஆறு மாடி, செங்கல் முகப்பு, நடுவில் தெருவுக்குத் தெரியாத ஒரு தோட்டம். அந்தக் காலத்தில் யூதர்களையும் கறுப்பினத்தவரையும் இந்த வீடுகளுக்குள் விட்டதில்லை. இன்று எங்கள் தளத்தில் மட்டும் ஒரு வங்கதேசக் குடும்பம், ஒரு கொலம்பியக் குடும்பம், ஒரு திபெத்தியப் பெரியவர், நாங்கள். 74ஆம் தெருவுக்கு நடந்துபோனால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். E, F ரயில் பிடித்தால் சீக்கிரம் மன்ஹாட்டன் போய்விடலாம். ஊர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தெருக்களில் நடக்கப் பிடிக்கிறது. வாங்கிய விதத்தில்தான் ஏமாந்தோம்.

எங்களுக்கு வீடு காட்டிய ஏஜென்ட் தமிழர். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் ஒரு நண்பர் அறிமுகப்படுத்தினார். முதல் நாளே "அண்ணா, அண்ணி" என்று பழகினார். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாத மெயின்டனன்ஸ் 1,080 டாலர்தான் என்றதும் எங்களுக்கு ஆச்சரியம், பக்கத்துக் கட்டடங்களில் அதைவிட அதிகம் கேட்டிருந்தோம். "நல்ல கட்டடம் அண்ணா, கணக்கு வழக்கெல்லாம் கெட்டி. ஹீட்டிங், சொத்து வரி எல்லாம் இதிலேயே அடக்கம்" என்றார். கூடுதல் வசூல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "தற்போது எதுவும் இல்லை" என்றார். விற்பவர் தரப்பிலிருந்து வந்த மின்னஞ்சலிலும் அதே சொல்தான் இருந்தது: தற்போது. அந்த ஒரு சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

கோ-ஆப் என்றால் என்ன என்பது எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. நம் ஊர் அடுக்குமாடியில் வீட்டின் பேரில் பத்திரம் இருக்கும், நிலத்தில் ஒரு பங்கும் வரும். இங்கே அப்படியில்லை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நாம் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளையும், அந்தப் பங்குகளோடு வருகிற, வீட்டில் குடியிருக்கும் குத்தகை உரிமையையும்தான். எங்களுக்கு 410 பங்கு. அப்படியானால் கம்பெனியின் கடன் நம் கடன், கம்பெனியின் ஓட்டைக் குழாய் நம் ஓட்டைக் குழாய். வீட்டுச் சுவரையும் ஜன்னலையும் தட்டிப் பார்ப்பதைவிட அந்தக் கம்பெனியைப் பார்ப்பதுதான் முக்கியம். நாங்களோ சமையலறைத் தரையையும் தோட்டத்தையும் பார்த்து மயங்கினோம்.

வக்கீலையும் அந்த ஏஜென்டே சொன்னார். "நம்ம ஆளுங்களுக்கு நிறைய செய்து கொடுத்திருக்கார், கட்டணமும் குறைவு" என்றார். சரி என்று சேர்ந்துவிட்டோம். இந்த ஊரில் வாங்குகிறவரின் வக்கீல் ஒப்பந்தத்துக்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: கட்டடத்தின் தணிக்கைக் கணக்கு, முதன்முதலில் பங்கு விற்றபோது வெளியிட்ட ஆவணமும் அதன் திருத்தங்களும், போர்டு கூட்டங்களின் மினிட்ஸ், அதாவது அங்கே பேசியதை எழுதிவைத்த குறிப்பு. மினிட்ஸை நிர்வாக நிறுவனத்திடம் கேட்டுக் குறைந்தது இரண்டு மூன்று வருடத்துக்காவது படிக்க வேண்டும் என்பது எல்லா வக்கீலுக்கும் தெரிந்த வழக்கம். எங்கள் வக்கீல் அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் "மினிட்ஸ் பார்க்கப்பட்டது, கவலைப்பட எதுவும் இல்லை" என்று ஒரே வரி. எத்தனை மாதத்து மினிட்ஸ் என்று நான் கேட்கவில்லை. பத்து சதவீத முன்பணத்தை அனுப்பிவிட்டேன்.

போர்டு நேர்காணலில் எங்கள் வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, மூன்று பரிந்துரைக் கடிதம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார்கள். காரணம் சொல்லாமலே மறுக்கும் அதிகாரம் போர்டுக்கு உண்டு என்பதால் பயந்துபோய் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கணக்கை அவ்வளவு துருவினார்கள், அவர்கள் கணக்கைப் பற்றி நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அப்புறம் எரிவாயு. நியூயார்க் நகரச் சட்டப்படி இப்படிப்பட்ட கட்டடங்களில் எரிவாயுக் குழாயை 4 வருடத்துக்கு ஒரு முறை உரிமம் பெற்ற பிளம்பர் பரிசோதிக்க வேண்டும். அப்படிப் பரிசோதித்தபோது கீழ்த்தளத்தில் கசிவு தெரிந்து, அன்றைக்கே மூடிவிட்டார்கள். கசிந்த இடத்தை அடைத்துவிட்டுத் திறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அப்படி நடக்காது. மறுபடி திறக்க நகரக் கட்டடத் துறையின் அனுமதி வேண்டும், குழாயை அழுத்தச் சோதனைக்கு விட வேண்டும். நூறு வருடக் குழாய் சாதாரண அழுத்தத்தைத் தாங்கும், சோதனை அழுத்தத்தில் இணைப்புக்கு இணைப்பு விட்டுவிடும். ஆகவே புதுக் குழாய் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு வீட்டின் சமையலறைச் சுவரையும் உடைத்தார்கள்.

கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு சின்ன மின்தகட்டு அடுப்பு கொடுத்தார்கள். அதில் சோறு வைத்தால் குழம்புக்கு இடம் இல்லை. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய இரும்புத் தோசைக்கல் நடுவில் குழிந்தது, தட்டையான அடுப்பில் ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. நாங்களாக ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். அதையும் ஏசியையும் ஒன்றாகப் போட்டால் மின்சாரம் போய்விடும், பழைய வயரிங். மாமியார் மூன்று மாதம் தங்க வந்திருந்தார். நாளெல்லாம் சமைத்துப் பழகியவர், அந்த அடுப்புக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு வங்கதேச அக்கா சொன்னார், இந்தக் குழாய் விவகாரம் ஒன்றரை வருடமாக போர்டில் பேசிக்கொண்டிருந்தது என்று. பங்குதாரர் என்ற முறையில் பழைய மினிட்ஸைக் கேட்டு வாங்கினேன். எல்லாம் இருந்தது. நாங்கள் ஒப்பந்தம் போடுவதற்கு 14 மாதம் முன்பே ஒரு பிளம்பர், குழாய்களை மாற்றியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வீடுகளைச் சூடாக்கும் பாய்லருக்கும் விலை கேட்டிருக்கிறார்கள். கூடுதல் வசூலை "இலையுதிர் காலத்துக்குப் பிறகு" அறிவிப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எங்கள் வக்கீல் கேட்டு வாங்கியது கடைசி மூன்று கூட்டத்து மினிட்ஸ் மட்டும். அவற்றில் லிஃப்ட் விளக்கு, நாய் வளர்க்கும் விதி, தோட்டத்துக்கு மண் இவ்வளவுதான்.

வசூல் பங்குக்கு 46 டாலர். 410 பங்குக்கு 18,860. இரண்டு வருடத் தவணையில் மாதம் சுமார் 786. இது தவிர, கட்டடத்தின் பேரிலிருந்த பெரிய வங்கிக் கடன் அதே வருடம் முதிர்ந்தது, அதாவது அசலைத் திருப்பவேண்டிய நாள் வந்தது. வட்டி மட்டும் கட்டிவந்த கடன், அசல் அப்படியே நின்றது. புதுக் கடனுக்கு வட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெயின்டனன்ஸ் 12 சதவீதம் உயர்ந்து 1,210 ஆயிற்று. அந்தக் கடன் எப்போது முதிரும் என்பது தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்புகளில் அச்சிட்டே இருந்தது. அதையும் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. மெயின்டனன்ஸ் ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது: பல வருடம் செய்யவேண்டிய வேலையைச் செய்யாமல், ஏற்றவேண்டியதை ஏற்றாமல் வைத்திருந்தார்கள்.

ஏஜென்டிடம் கேட்டபோது, "அண்ணா, நான் வீடு காட்டுகிறவன், கணக்கெல்லாம் வக்கீல் வேலை" என்றார். வக்கீல், விற்பவர் தரப்பு சொன்னதை நம்பியதாகச் சொன்னார். நியூயார்க்கில் தனி வீடு விற்பவர் அதன் குறைகளைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். கோ-ஆப்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் விற்பவரைப் பிடிக்க எங்களுக்குப் பெரிதாக எதுவும் இல்லை என்று இன்னொரு வக்கீல் விளக்கினார்.

இப்போது வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். வக்கீலை நீங்களே தேடுங்கள், ஏஜென்ட் சொல்லும் ஆள் வேண்டாம், தமிழ் பேசினாலும் வேண்டாம். மூன்று வருட மினிட்ஸைக் கேளுங்கள், அவர் படித்து எழுதிய குறிப்பு மூன்று பக்கமாவது இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள். கட்டடக் கடன் எந்த வருடம் முதிர்கிறது, கையிருப்பு எவ்வளவு, எரிவாயுப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது, பாய்லருக்கு என்ன வயது என்று எழுத்தில் கேளுங்கள். "தற்போது இல்லை" என்று பதில் வந்தால், "போர்டில் பேச்சில் இருக்கிறதா?" என்று அடுத்த கேள்வியையும் எழுத்திலேயே கேளுங்கள். பரப்பளவு 25,000 சதுர அடிக்கு மேல் என்றால், கரிம வெளியேற்றத்துக்கு நகரம் 2024இலிருந்து வைத்திருக்கும் வரம்பைக் கட்டடம் எப்படிச் சமாளிக்கப்போகிறது என்றும் கேளுங்கள். அதற்கும் பணம் பங்குதாரர்களிடமிருந்துதான் வரும்.

எரிவாயு போன மாதம் திரும்பி வந்தது. வக்கீல்கள் மீதான புகாரை விசாரிக்கும் நீதிமன்றக் குழுவுக்கு எங்கள் வக்கீலைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஏஜென்டுக்கு உரிமம் தருகிற மாநிலத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. தவணையில் இன்னும் பதினைந்து மாதம் பாக்கி.