ஐந்து ஸ்பீக்கரும் ஒரு டைனமோவும்

இந்த டிஸ்க் பதினேழு வருடம் என் அலுமாரியில் சும்மா கிடந்தது. 2006இல் அண்ணா டொரன்டோவிலிருந்து வந்தபோது சொக்லேட், சம்பூ, அம்மாவுக்குக் கம்பளிச் சொக்ஸ் (கொழும்பில்!) எல்லாவற்றுக்கும் நடுவில் துவாயால் சுற்றிக் கொண்டுவந்தார். டயர் ஸ்ட்ரெயிட்ஸ் என்ற ஆங்கில ரொக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' அல்பம், 2005இல் வந்த 20ஆவது ஆண்டுப் பதிப்பு. அன்றைக்கே டிவிடி பிளேயரில் போட்டுக் கேட்டேன். "நல்ல கிளியராக இருக்கு அண்ணா" என்று சொன்னேன். அவரும் சந்தோசமாகத் திரும்பிப் போய்விட்டார். மட்டையின் மூலையில் சூப்பர் ஓடியோ சிடி என்று இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

2023இல் அலுமாரி துப்புரவாக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. சூப்பர் ஓடியோ சிடி என்பது 1999இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த வகை. இந்த டிஸ்க்கில் இரண்டு அடுக்கு இருக்கிறது. ஒன்று எந்த பிளேயரும் வாசிக்கும் சாதாரண சிடி. மற்ற அடுக்கில் 5.1 சரவுண்ட் கலவை, அதாவது சுற்றிவர வைக்கும் ஐந்து ஸ்பீக்கருக்கும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூபருக்கும் தனித்தனியே பிரித்த ஒலி, இருக்கிறது. அதை வாசிக்க அதற்கென்ற பிளேயர் வேண்டும். ஆகப் பதினேழு வருடமும் வீட்டின் விறாந்தையில் நின்றுவிட்டு உள்ளே போகாமல் திரும்பியிருக்கிறேன். அந்த 5.1 கலவை சும்மா ஒப்புக்குச் செய்ததும் இல்லை. சக் எயின்லி என்ற ஒலிப்பொறியாளர் செய்தது. 2006இல் சிறந்த சரவுண்ட் அல்பத்துக்கான கிராமி விருது இதற்குத்தான் கிடைத்தது.

பிளேயர் பிரச்சினையாக இருக்கவில்லை. என்னிடம் இருந்த பழைய சோனி புளூ-ரே பிளேயர் இந்த வகையை வாசிக்கும் என்று அதன் கையேட்டில் போட்டிருந்தது. இல்லாதது ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குக் கொடுக்கும் ரிசீவரும் ஸ்பீக்கர்களும். புதிதாக வாங்குவது என் சம்பளத்துக்குச் சரிவராது. அந்த வருடம் டொலர் இருந்த இருப்பில் விலை கேட்கவே பயம். அதனால் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ரிசீவர் ஒன்றை 45,000 ரூபாவுக்குப் பேசி முடித்தேன். மாடியிலிருந்து இரண்டு பையன்கள் ஒரு ஃபிரிட்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடை டிவியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பாடகனைப் பார்த்து ஒருவன், "இவனுக்கெல்லாம் என்ன கஷ்டம் மச்சான்" என்றான். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இந்த அல்பத்தின் மிகப் பிரபலமான பாட்டான 'மணி ஃபொர் நத்திங்' பிறந்ததே இப்படித்தான். நியூயோர்க்கில் ஒரு மின்சாதனக் கடையில், சாமான் தூக்கும் ஒருவர் எம்டிவியைப் பார்த்துச் சொன்னதை, குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான மார்க் நொப்ளர் அங்கேயே நின்று குறித்துக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு விசயம் சொல்லாமல் விட்டார். முதலாவது, ரிசீவர் 100 வோல்ட். ஜப்பான் சாமான் என்றால் அப்படித்தான், நான்தான் யோசித்திருக்க வேண்டும். எங்கள் 230 வோல்ட்டில் நேராகச் செருகியிருந்தால் புகைதான் வந்திருக்கும். பின்பக்கம் ஒட்டியிருந்த தாளைத் தற்செயலாகப் பார்த்ததால் தப்பியது. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்றுக்கு இன்னும் 9,000 ரூபா. இரண்டாவது, "சரவுண்டுக்கு இதுதான் மெடம்" என்று ஒப்டிகல் கேபிள் ஒன்றைத் தலையில் கட்டினார். சூப்பர் ஓடியோ சிடியின் பல சனல் ஒலி ஒப்டிகலில் வராது, எச்டிஎம்ஐயில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐந்து ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டில் மட்டும் பாட்டுக் கேட்டேன். கேபிள் மாற்றிய பிறகும் அதே கதை. கடைசியில் பிளேயரின் செட்டிங்கில் 2 சனல் என்று கிடந்ததை மல்டி என்று மாற்றியபோதுதான் பின்பக்கம் உயிர் வந்தது. இந்தப் பதிப்பை யாராவது வாங்கினால் முதல் அந்த மெனுவைப் பாருங்கள், பிறகு கடைக்காரரைத் திட்டலாம்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி எங்கள் வீடு. ஹோல் பதினான்குக்குப் பதினொரு அடி. முன் ஸ்பீக்கர்கள் நேர்கோட்டிலிருந்து இரு பக்கமும் 30 பாகை, பின்னவை 110 பாகை என்பது கணக்கு. அந்தக் கணக்குச் சரிவர வேண்டுமென்றால் சோபாவைச் சுவரிலிருந்து மூன்று அடி முன்னுக்கு இழுக்க வேண்டும். இழுத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஹோலுக்கு நடுவில சோபாவைப் போட்டுட்டாய், ஆக்கள் வந்தா எங்கால போறது?" என்று கேட்டார். ஆக்கள் வருவதே வருடத்துக்கு நாலு தரம். அவர்கள் சோபாவைச் சுற்றிப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எப்படி ஒலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், நான் இதை முதலில் எப்படிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் மதிப்பீட்டை நீங்கள் நம்பக் கூடாது.

1990. கொக்குவில். எனக்குப் பதினைந்து வயது, அண்ணாவுக்கு இருபது. யுத்தத்தில் கரண்ட் போய்விட்டது, பற்றரி கண்ணில் காணக் கிடையாது. அண்ணாவிடம் ஒரு சின்ன கசெட் பிளேயரும், ரெக்கோர்டிங் கடையில் இந்த அல்பத்தைப் பதிந்து வாங்கிய டிடிகே கசெட் ஒன்றும் இருந்தன. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் சாய்த்து, அதிலிருந்து வயர் இழுத்து பிளேயருக்குக் கொடுப்பார். யாழ்ப்பாணத்தில் அப்போது பாதி வீட்டில் இதுதான் மின்சார நிலையம். அண்ணா பெடலைக் கையால் சுற்ற நான் கேட்பேன். பிறகு நான் சுற்ற அவர் கேட்பார். கை களைத்தால் நொப்ளரின் குரல் இழுபடும். அவர் இயல்பாகவே களைத்த குரலில் பாடுகிறவர், அதனால் எது பாட்டு, எது பெடல் என்று பிரிப்பது கஷ்டம். பாட்டு எப்போதும் டைனமோவின் 'கிர்ர்' இரைச்சலுக்குள்ளேதான் நடந்தது. அந்த இரைச்சல் இல்லாமல் இந்தப் பாட்டுகள் இருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்று, கடைக்காரர் பதிந்தது எல்பி தட்டிலிருந்து. இந்த அல்பம் சிடியில் 55 நிமிடம்; எல்பியில் இடம் போதாமல் பல பாட்டுகளை வெட்டிக் குறைத்தார்கள். 'வை வொரி' சிடியில் எட்டரை நிமிடம், எல்பியில் ஐந்தரைக்குக் கிட்ட. அந்த மூன்று நிமிடமும் எனக்குப் பல வருடம் கழித்துக் கொழும்பில்தான் கிடைத்தது. கசெட், 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது போன சாமான்களோடு போய்விட்டது.

சரி, இப்போது டிஸ்க்.

சரவுண்ட் என்றாலே காதைச் சுற்றிக் கிட்டார் பறக்கும், தலைக்கு மேல் ட்ரம்ஸ் ஓடும் என்று நினைத்திருந்தேன். எயின்லி அப்படிச் செய்யவில்லை. நொப்ளரின் குரல் முன்னால், கிட்டார் பெரும்பாலும் முன்னால். கீபோர்ட், தாளக் கருவிகள், எதிரொலி ஆகியவைதான் பக்கங்களுக்கும் பின்னுக்கும் விரிகின்றன. முதல் பாட்டில், "இதற்காகவா சோபாவை இழுத்தேன்" என்றுகூடத் தோன்றியது. நாலாவது பாட்டில்தான் புரிந்தது. 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்'கில் மைக்கல் பிரெக்கரின் சாக்ஸபோன் தொடங்கும்போது அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அது நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது. இரவு ஒரு மணிக்கு மூடப்போகிற ஹோட்டல் ஒன்றின் ஹோல் மாதிரி. ஸ்டீரியோவில் அந்த ஹோலை யன்னலால் எட்டிப் பார்த்தேன். இப்போது உள்ளே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

'வை வொரி'தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிப்பை வாங்குவதற்கான காரணம். பாட்டு முடிந்து வரிகள் ஓய்ந்த பிறகு கிட்டாரும் கீபோர்டும் மட்டும் மெல்ல நடந்துகொண்டே போகின்றன. எல்பிக்காரர்கள் வெட்டி எறிந்த அதே துண்டு. ஒவ்வொரு சுரமும் விழுந்து அடங்க நேரம் கொடுக்கிறார்கள், அடங்குவது பின்னால் போய் அடங்குகிறது. இரண்டு ஸ்பீக்கரில் இந்த மூன்று நிமிடம் கொஞ்சம் நீட்டல் என்று நினைத்ததுண்டு. ஐந்தில் கேட்டபோது முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது.

அந்த அமைதியில்தான் வினையும் வந்தது. பின் இடப் பக்கத்திலிருந்து மெல்லிய 'கிர்ர்'. முதலில் டிஸ்க்கில் இருக்கிறதோ என்று நினைத்து வொலியூமைக் கூட்டினேன், இரைச்சல் கூடவில்லை. எழும்பிப் போய்த் தேடினால் சோபாவுக்குப் பின்னால் தரையில் வைத்த ஸ்டெப் டவுன் இரைகிறது. 33 வருடத்துக்குப் பிறகு, கிராமி வாங்கிய 5.1 கலவையில், திரும்பவும் டைனமோ. தனியே இருந்து சிரித்தேன். அப்புறம் அதைப் பழைய டயர் ரியூப் துண்டொன்றின் மேல் வைத்துக் குசினிப் பக்கம் தள்ளிவிட்டேன். பாதி குறைந்தது.

வெள்ளவத்தையில் சரவுண்ட் கேட்பதில் இப்படி வேறு சங்கடங்களும் உண்டு. 'ரைட் எக்ரோஸ் த ரிவர்' பாட்டில் சுற்றிவர ஏதேதோ தாளமும் ஒலியும் காட்டுக்குள் நடப்பது போல வரும். நன்றாகத்தான் இருந்தது, திடீரென்று பின் வலப் பக்கம் பீத்தோவன் மெட்டு ஒன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டு செக்கன் எயின்லியை வியந்தேன். பிறகுதான் அந்த மெட்டைப் போட்டபடி ஒழுங்கையில் பாண்காரரின் ஓட்டோ போகிறது என்று விளங்கியது. கரையோர ரயில் போனால் சப்வூபருக்கு வேலையே இல்லை. வீடு தானாக அதிரும்.

'மணி ஃபொர் நத்திங்' பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். தொடக்கம் அபாரம், அதில் சந்தேகமில்லை. மொன்செராட் தீவில் பதிவு நடந்தபோது ட்ரம்ஸ் வாசித்த டெரி வில்லியம்ஸை மாற்றி ஒமர் ஹக்கீமைக் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்தப் பாட்டின் முன்னால் எழும்பி வரும் அந்த ட்ரம்ஸ் வில்லியம்ஸுடையதுதான், அதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என் கசெட்டில் அது தகரத்தில் கல் கொட்டின மாதிரி இருக்கும். இப்போது ஹோலே நிறைந்து பொங்குகிறது. ஆனால் அதன் பிறகு வரும் கிட்டார்? அந்தச் சத்தம் ஒரு தற்செயல். ஒரு மைக் தரையைப் பார்த்துச் சரிந்து கிடக்க, அதை ஒழுங்காக வைக்கப் போகும்போது, "தொடாதே, அப்படியே விடு" என்று தடுத்த கதை. அது ஒரு புள்ளியிலிருந்து வந்து முகத்தில் அடிக்க வேண்டும். சரவுண்டில் அது அகலமாகி, கொஞ்சம் மரியாதையாக நிற்கிறது. இந்தப் பாட்டுக்கு மட்டும் நான் ஸ்டீரியோவுக்குத் திரும்பிவிடுகிறேன். 'வோக் ஒஃப் லைஃப்' எத்தனை ஸ்பீக்கரில் கேட்டாலும் அதே 'வோக் ஒஃப் லைஃப்'தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அல்பத்தின் தலைப்புப் பாட்டு இடி முழக்கத்தோடு தொடங்கும். 1982இல் பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் மோதிய போக்லாந்து யுத்தத்தை நினைத்து நொப்ளர் எழுதியது. கொக்குவிலில் அது ஒலிக்கும்போது அம்மா முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். "அது பாட்டு அம்மா" என்று அண்ணா ஒவ்வொரு முறையும் சொல்வார்; அம்மா ஒவ்வொரு முறையும் பார்ப்பார். போன மாதம் இந்த டிஸ்க்கில் அந்த இடி சப்வூபரால் உருண்டு வந்தபோது அம்மா அறையிலிருந்து வேகமாக வந்தார். பல்கனிக் கதவைத் திறந்து கொடியிலிருந்த உடுப்பெல்லாம் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, "மழை வரப்போகுது, நீ பாட்டுக் கேட்டுக்கொண்டு இருக்கிறாய்" என்று ஏசினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்க யோசிப்பவர்களுக்கு ஒன்று. உயர் தரம், துல்லியம் என்ற விளம்பரப் பேச்சுக்காக இதை வாங்க வேண்டாம். மூலப் பதிவே 1984-85இல் சோனியின் 24 தட டிஜிட்டல் இயந்திரத்தில், 16 பிட்டில் நடந்தது. அதற்கு மேலான துல்லியத்தை எந்த டிஸ்க்கும் பிறகு கொண்டுவந்து ஊற்ற முடியாது. சாதாரண சிடி அடுக்கிலேயே துல்லியம் போதுமான அளவு இருக்கிறது. காசு கொடுப்பது இடத்துக்கு, அந்த மற்ற மூன்று ஸ்பீக்கர் திறந்துவிடும் இடத்துக்கு. அதற்கு வசதியில்லாதவர்கள் நல்ல ஹெட்போனில் சிடியைக் கேட்கலாம், பெரிய நட்டம் ஒன்றுமில்லை, 'வை வொரி' தவிர. இன்னொரு குறை, சரியான இருக்கை ஒன்றே ஒன்றுதான். இரண்டு பேர் கேட்டால் ஒருவருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும். மாலை ஆறு மணிக்குப் பிறகு அந்த இருக்கையில் அம்மா நாடகம் பார்க்கிறார்; பின்னால் இரண்டு பெட்டி ஏன் இருக்கிறது என்று இப்போது கேட்பதில்லை.

அண்ணா டிசம்பரில் வருகிறார். இந்த டிஸ்க்கில் இன்னொரு அடுக்கு இருக்கும் விசயம் அவருக்கு இன்னும் தெரியாது. அதற்குள் 230 வோல்ட் ரிசீவர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்தக் 'கிர்ர்' சத்தத்தோடேயே கேட்கட்டும். அவருக்கு அது பழக்கம்தானே.