'அப்', 'தி குட் டைனோசர்': மே லீவுக்கு எதைப் போடலாம்?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் மே மாதம் பிள்ளைகளுக்குப் படம் போடுவது வழக்கம். தேயிலைத் தோட்ட லைன் வீட்டுப் பிள்ளைகள், ஹட்டியிலிருந்து (படுகர் ஊரிலிருந்து) வருகிறவர்கள், லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்த கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில்தான் உட்காருவார்கள். இந்த முறை பிக்சார் நிறுவனத்தின் இரண்டு அனிமேஷன் படங்கள் பேச்சில் இருக்கின்றன: 2009-இல் வந்த 'அப்', 2015-இல் வந்த 'தி குட் டைனோசர்'. இரண்டிலும் மலை, மேகம், வெள்ளம், அருவி என்று நம் கண்ணுக்குப் பழகியவை நிறைய உண்டு. இரண்டிலும் இழப்பைச் சுமக்கிற ஒருவரோடு ஒரு சின்னப் பையன் ஒட்டிக்கொள்கிறான். என் ஓட்டு 'அப்' படத்துக்கு. ஆனால் தோற்கிற படத்தின் அழகைச் சொல்லாமல் கடந்துபோக மனசு வரவில்லை.

'தி குட் டைனோசர்' கண்ணுக்கு விருந்து என்பது உண்மை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் நிஜமான நில உயரத் தரவுகளை எடுத்து அதன் மேல்தான் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கட்டினார்கள். மேகத்தையும் வழக்கம்போலப் பின்னணி ஓவியமாகத் தீட்டவில்லை. கனமுள்ள பொருளாகவே உருவாக்கி, அதற்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். கோடநாடு காட்சி முனையில் நின்று, மாயாறு பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை சட்டென்று புரியும். வெயில் படும் விளிம்பு ஒரு நிறம், அடிப்பக்கம் இன்னொரு நிறம். ஆற்றுத் தண்ணீர் பாறையில் மோதித் திரும்புவதும், மழைக்கு முன் புல் சாய்வதும் அப்படியே இருக்கின்றன.

அந்த நிஜமான நிலத்தின் மேல் பச்சை ரப்பர் பொம்மை மாதிரி ஒரு டைனோசர் ஓடுகிறது. முதல் பத்து நிமிடத்துக்கு அது கண்ணை உறுத்தும், அப்புறம் பழகிவிடும். பழகாதது கதைதான்.

அந்த டைனோசர்தான் பயந்தாங்கொள்ளி ஆர்லோ. அவனுடைய அப்பா வெள்ளத்தில் போகிறார். களஞ்சியத்தில் தானியம் திருடிய மனிதப் பையனைத் துரத்திப் போனபோதுதான் அது நடக்கிறது. அதனால் அப்பாவின் சாவுக்கு அந்தப் பையனே காரணம் என்று ஆர்லோ நினைக்கிறான். எவ்வளவு கனமான விதை இது! அதே பையனோடு காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் அந்தக் கோபம் என்ன ஆகும்? படத்தில் அது கொஞ்சம் பழத்தோடு கரைந்துபோகிறது. பிறகு வரிசையாக ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள்: கொம்பில் பிராணிகளைச் சுமந்து நிற்கும் ஒரு டைனோசர், புயலைக் கும்பிடும் பறக்கும் கூட்டம், மாடு மேய்க்கும் டி-ரெக்ஸ் டைனோசர் குடும்பம். இதில் ஒன்றை உருவிவிட்டாலும் கதை பெரிதாகக் குறையாது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. படத்தை முதலில் இயக்கியவர் பாப் பீட்டர்சன். 'அப்' படத்தில் அதன் இயக்குநர் பீட் டாக்டரோடு எழுத்திலும் இயக்கத்திலும் கூட நின்றவர் அவர்தான். 2013-இல் அவர் நீக்கப்பட்டு, பீட்டர் சோன் பொறுப்பேற்றார். 2014-இல் வர வேண்டிய படம் 2015 நவம்பருக்குத் தள்ளிப்போனது. பாதியில் கை மாறிய தையல் மாதிரிதான் கதை கிடக்கிறது.

அந்த வெள்ளக் காட்சி எனக்கு வேறு ஒரு காரணத்துக்காகவும் நெருடுகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இங்கே வருகிற பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரியைப் பற்றிய பேச்சு இன்னும் பல வீடுகளில் உண்டு. தண்ணீர் ஒரு அப்பாவைக் கொண்டுபோவதைக் காட்டினால், அதற்குப் பிறகு அந்தத் துக்கத்தோடு கொஞ்ச நேரமாவது உட்கார வேண்டும். படம் அவசரப்படுகிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் உட்காருகிறது. ஆர்லோ மணலில் குச்சிகளை நட்டு, இது அம்மா, இது அப்பா, இது நான் என்று காட்டுகிறான். அப்பா குச்சியைச் சாய்த்து மணலால் மூடுகிறான். பேச்சு வராத அந்தப் பையனும் தன் குச்சிகளை நட்டு, இரண்டு பெரிய குச்சிகளையும் சாய்த்து மூடுகிறான். படம் முழுக்க இப்படி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

'அப்' ஆரம்பத்திலேயே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. கார்லும் அவர் மனைவி எல்லியும் தென் அமெரிக்காவிலுள்ள ஓர் அருவிக்குப் போகக் கண்ணாடி ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். டயர் வெடிக்கிறது, ஜாடி உடைகிறது. கால் முறிகிறது, மறுபடி உடைகிறது. மரம் கூரையில் விழுகிறது, மறுபடியும். ஒரு வசனம் கிடையாது. இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கும் எல்லாம் விளங்கும். சீட்டுப் பணம் எடுத்துக் கூரை மாற்றிய வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் நன்றாகவே விளங்கும்.

இதிலும் காட்சி அழகுக்குக் குறைவில்லை. எல்லி இறந்தபின் கிழவர் கார்ல் வீட்டோடு அருவிக்குப் பறக்கக் கட்டும் பலூன்கள் மட்டும் 10,000-க்கு மேல். அருவிக்கு வெனிசுவேலாவின் தட்டை உச்சி மலைகளை நேரில் போய்ப் பார்த்து வந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், இங்கே அழகும் கதையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. பலூன் குறையக் குறைய வீடு இறங்குகிறது. மறுபடி மேலே ஏற, கிழவர் இத்தனை நாள் கட்டிக் காத்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறார். தம்பதியின் இரண்டு நாற்காலிகளும் பாறை மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவர் மனம் எப்படி இளகியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. மன்ட்ஸ் என்கிற வில்லன் ஏனோதானோ என்றுதான் எழுதப்பட்டிருக்கிறான். நாய்கள் விமானம் ஓட்டும் கடைசிப் பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. பிள்ளைகள் அங்கேதான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், சரி, இருக்கட்டும்.

ஆகவே ஒரே ஒரு படம் என்றால் 'அப்'. இரண்டு சாயங்காலம் கிடைத்தால் இரண்டாவது நாள் 'தி குட் டைனோசர்' போடலாம், ஆனால் எட்டு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். பறக்கும் கூட்டம் ஒரு சின்னப் பிராணியை விழுங்கும் இடத்தில் பொடிசுகள் அலறிவிடும். ஜன்னலுக்கு நல்ல கெட்டித் துணி கட்டுங்கள். மின்மினிக் காட்சி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. 'அப்' போடும் நாளில் ஸ்பீக்கரைப் பார்த்து எடுங்கள். அந்த ஆரம்பப் பகுதியை மைக்கேல் ஜியாக்கினோவின் இசைதான் தூக்கி நிறுத்துகிறது, ஆஸ்கர் வாங்கிய இசை அது. மே மாதக் கோடை மழை தகரக் கூரையில் அடித்தால் மொபைலோடு வரும் சின்ன ஸ்பீக்கர் எடுபடாது.