தூசுப் படமா, ரேடியோப் படமா: விண்மீன் மண்டலத்தின் நடுவில் காந்தப்புலம்

என்ஜிசி 1097 ஒரு சுருள் விண்மீன் மண்டலம். நம்மிடமிருந்து சுமார் 4.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் குறுக்கே நீண்ட பட்டை, பட்டைக்குள்ளே விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கும் வளையம், வளையத்தின் நடுவில் சுமார் 14 கோடி சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை. இந்த இடத்தின் காந்தப்புலத்தை இரண்டு விதமாக வரைந்திருக்கிறார்கள். ரேடியோ படத்தில் கோடுகள் சுருளாக வளைந்து உள்ளே இறங்குகின்றன. தூசு உமிழும் 89 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்திலோ, பட்டையும் வளையமும் தொடும் இடத்தில் கோடுகள் திசை மாறாமல் நிற்கின்றன. இடம் ஒன்று, படம் இரண்டு. எதை நம்புவது?

இரண்டுமே தளவிளைவை நம்பி வரைந்தவைதான். தளவிளைவு என்றால் அலையின் அதிர்வு ஒரு திசைக்குச் சாய்ந்திருப்பது. வரும் அலை எல்லாத் திசையிலும் சமமாக அதிராமல் ஒரு திசையில் சற்றுக் கூடுதலாக அதிர்ந்தால், அந்தத் திசையை வைத்துக் காந்தப்புலம் எப்படிக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அலையை அனுப்புவது யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ரேடியோவில் அனுப்புவது எலக்ட்ரான். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் பறக்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலக் கோடுகளைச் சுற்றும்போது ரேடியோ அலை பிறக்கிறது. இவை அடர்ந்த மேகங்களுக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. விண்மீன் மண்டலத்தின் தட்டையான தட்டுக்கு மேலும் கீழும் பரவிவிடுகின்றன. ஆகவே ரேடியோ படத்தில் தெரிவது பெரும்பாலும் மெல்லிய, பரவலான வாயுவின் காந்தப்புலம்.

அப்புறம் ஃபாரடே சுழற்சி. மின்னூட்டம் பெற்ற வாயுவும் காந்தப்புலமும் சேர்ந்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது அலையின் அதிர்வுத் திசை திரும்பிவிடும். எவ்வளவு திரும்பும் என்பது அலைநீளத்தின் இருமடியைப் பொறுத்தது. சதுர மீட்டருக்கு 100 ரேடியன் என்ற அளவு சுழற்சியை எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ. அலை சுமார் 229 பாகை திரும்பிவிடும், 6 செ.மீ. அலை 21 பாகை, 3.6 செ.மீ. அலை 7 பாகை சொச்சம். மையத்தில் வாயுவும் கனம், புலமும் வலு. நம் பால்வீதியின் நடுக் கருந்துளைக்கு அருகே 2013-இல் கண்டுபிடித்த மேக்னட்டாரின் (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) அலைகளில் இந்த அளவு சுமார் 67,000. 6 செ.மீ. அலை அங்கிருந்து வருவதற்குள் 38 முழுச் சுற்றுக்கும் மேல் சுற்றிவிடும்! பக்கத்துப் பக்கத்து அலைகள் வெவ்வேறு அளவு திரும்பி ஒன்றையொன்று அழித்துவிட, படத்தில் வெறும் இடம் மிஞ்சும். மையத்தை 20 செ.மீ. அலையில் மட்டும் வரைந்த படத்தை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தூசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதே மேக்னட்டார் வழியில் 89 மைக்ரான் அலை திரும்புவது ஒரு பாகையில் நூற்றில் மூன்று பங்கு. நீளமான தூசுத் துணுக்குகள் தங்கள் நீளவாக்கு காந்தப்புலத்துக்குக் குறுக்காக அமையும்படி சுழல்கின்றன. சூடேறி ஒளிரும்போது நீளவாக்கில்தான் அதிர்வு கூடுதல். ஆக, அளந்த திசையை 90 பாகை திருப்பினால் காந்தப்புலத்தின் திசை கிடைத்துவிடும். தூசு இருப்பது அடர்ந்த குளிர் வாயுவில். கருந்துளைக்கு இரையாகப் போவதும் அந்த வாயுதான்.

ஆனால் பாடு அதிகம். அதிர்வுத் திசையை மாற்றும் ஒரு தகட்டைக் கருவிக்குள் வைத்து, அதைப் படிப்படியாகத் திருப்பி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். மையப் பகுதியில் தளவிளைவு பல இடங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான், மீதியெல்லாம் எதுவும் சொல்லாத வெளிச்சம். போதாததற்கு நம் காற்றின் நீராவி தூர அகச்சிவப்பை விழுங்கிவிடும். அதனால்தான் போயிங் 747 விமானத்துக்குள் 2.7 மீட்டர் தொலைநோக்கியை வைத்து, 12 கிலோமீட்டருக்கு மேலே பறந்து பார்த்தார்கள். சோஃபியா என்ற அந்த விமானம் 2022 செப்டம்பரோடு நின்றுபோனது. சிலியில் உள்ள அல்மா என்ற தொலைநோக்கி வரிசை இன்னும் நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் அகன்று பரந்த ஒளி அதன் வலையில் சிக்காது.

வலிமையை அளப்பதில் இரண்டுமே நேர்வழி இல்லை. ரேடியோவில், காஸ்மிக் கதிர்களின் (ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் எலக்ட்ரான் போன்ற துகள்கள்) ஆற்றலும் காந்தப்புலத்தின் ஆற்றலும் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். என்ஜிசி 1097-இன் வளையத்துக்கு அப்படித்தான் சுமார் 60 மைக்ரோகாஸ் என்று வந்தது (காஸ் என்பது காந்தப்புல வலிமையின் அலகு). தூசுக்கு டேவிஸ், சந்திரசேகர், ஃபெர்மி ஆகியோர் 1950களில் சொன்ன வழி உண்டு. கோடுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன, வாயு எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதை வைத்து வலிமையைக் கணிப்பது அது. மையத்திலோ வாயு வேகமாகச் சுழன்றோடுவதாலேயே கோடுகள் வளைகின்றன. அந்த வளைவைக் கழிக்காமல் சூத்திரத்தில் போட்டால் விடை பிசகிவிடும்.

ஒரு விஷயத்தில் ரேடியோவை அடித்துக்கொள்ள முடியாது. தளவிளைவு தருவது அம்புமுனை இல்லாத கோடு. எதிரெதிராக ஓடும் இரண்டு புலங்களும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். புலம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று காட்டுவது, மேலே தொல்லை என்று சொன்ன அதே ஃபாரடே சுழற்சி! பல அலைநீளங்களில் அளந்தால் அம்புமுனையை வரைந்துவிடலாம். தூசால் அது முடியவே முடியாது.

மற்ற வழிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விண்மீன் ஒளியின் தளவிளைவில் சிதறல் கலந்துவிடும். எம்51 என்ற சுருள் விண்மீன் மண்டலத்தில் கண்ணுறு ஒளியில் தெரிந்த அழகான சுருள், அருகு அகச்சிவப்பில் காணாமல் போனது. காந்தப்புலம் நிறமாலைக் கோடுகளைப் பிளக்கும் சீமன் விளைவு வலிமையை நேரடியாகவே தரும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான்.

சரி, எதை நம்புவது? பால்வீதியின் நடுவைப் பாருங்கள். 1984-இல் கண்டறிந்த நீண்ட ரேடியோ இழைகள் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கின்றன. அடர்ந்த மேகங்களின் தூசு காட்டும் புலமோ பெரும்பாலும் தட்டோடு படுத்துக் கிடக்கிறது. இதில் எந்தப் படமும் பொய் சொல்லவில்லை. மெல்லிய வாயுவின் புலம் ஒன்று, கனத்த வாயுவின் புலம் இன்னொன்று. கருந்துளைக்குப் போகும் வாயுவைப் புலம் எப்படி வழிநடத்துகிறது என்பது கேள்வியானால் நான் தூசுப் படத்தைத்தான் முதலில் விரிப்பேன். புலம் எப்படி உருவானது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்றால் 3 செ.மீ.-ஐ ஒட்டிய ரேடியோ.

நாசா 2024-இல் இறுதிச் சுற்றுக்கு எடுத்த இரண்டு திட்டங்களில் ஒன்று பிரைமா என்ற தூர அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி. அதன் ஆடி 1.8 மீட்டர்தான், சோஃபியாவைவிடச் சிறியது. நுணுக்கத்தில் முந்தாது. ஆனால் விண்வெளியில் உறைகுளிரில் இயங்கும் ஆடி என்பதால் மிக மங்கலான தூசும் தெரியும். இதுவரை எலக்ட்ரான் மட்டுமே காட்டிய மெல்லிய வாயுவிலும் அப்போது தூசின் கோடுகளை வரைய முடியும். இரண்டு படங்களையும் ஒரே வாயுவில் வைத்துப் பார்க்க அப்போதுதான் வழி கிடைக்கும்.