கொல்கத்தாவுக்கு இரண்டாம் முறை: ரயிலா விமானமா, சதர் தெருவா லேக் மார்க்கெட்டா?

2009 டிசம்பரில் ஒற்றைத் தோள்பையோடு கொல்கத்தா போனேன். அப்போது வயது இருபத்து நான்கு. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்து முதல் சீசன் முடிந்திருந்தது. கையில் கொஞ்சம் பணம், பன்னிரண்டு நாள் லீவு. பதினாறு வருஷம் கழித்து, 2025 டிசம்பரில், மனைவியையும் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடியும் போய் வந்தேன்.

இளவயதில் கால் தேய நடந்து பார்த்த ஒரு ஊருக்குக் குடும்பத்தோடு திரும்பப் போக வேண்டும் என்ற ஆசை பலருக்கும் இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்பதில்தான் தயக்கம். இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டேன். போய்ச் சேர்வது பழைய மாதிரியே இருக்கட்டும், தங்குவது புது இடமாக இருக்கட்டும் என்பதுதான் என் முடிவு. இதில் முதல் பாதியை நாங்கள் தலைகீழாகச் செய்தோம். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

போகும் வழி

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து இங்கே ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் எவ்வளவு தூரம் போவதாக இருந்தாலும் எங்களுக்குப் பஸ் ஸ்டாண்டில்தான் தொடக்கம். 2009-ல் ராத்திரி பஸ்ஸில் சென்னை போய், காலையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்தேன். மறுநாள் நண்பகல் வாக்கில் ஹவுரா. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நிமிர்ந்தால் எதிரே ஹவுரா பாலம். அந்த ஒரு பார்வையிலேயே ஊர் பிடித்துவிட்டது.

இந்த முறை விமானம். ரயிலில் போகலாம் என்றுதான் முதலில் சொன்னேன். "ரயில் வேணாம்பா, கொழந்தய வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகாத" என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவின் பாஹாநாகாவில் நடந்த விபத்தை அம்மா டிவியில் விடிய விடியப் பார்த்தவர். சிக்கியது நான் போன அதே கோரமண்டல். அந்தப் பயத்தை நான் எப்படி வேண்டாம் என்று சொல்வது? போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று பேசி முடித்தோம்.

விமானத்தில் சௌகரியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பறக்கிற நேரம் இரண்டரை மணிதான் என்பதை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. பெங்களூரு இங்கிருந்து சுமார் 90 கிலோமீட்டர். விமான நிலையமோ நகரத்தைத் தாண்டி அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். அதிகாலை விமானத்துக்கு நள்ளிரவிலேயே கார் எடுக்க வேண்டியிருந்தது. கொல்கத்தாவில் இறங்கிய பிறகு பாடு குறைவு. 2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்திலிருந்தே நோவாபாராவுக்கு மெட்ரோ ஓடுகிறது. அங்கே மாறினால் நேராக நகரத்தின் நடுவே போய்விடலாம். நாங்களும் அப்படித்தான் காளிகாட் நிலையத்தில் இறங்கினோம்.

ஆனால் வந்து சேர்ந்த மாதிரியே இல்லை. கண்ணாடிக் கதவு, ஏசி, நகரும் படி எல்லாம் பெங்களூரில் பார்த்துவிட்டு வந்ததுதான். மகள் முதல் நாள் முழுக்க ஊரை அக்கறையில்லாமல்தான் பார்த்தாள். திரும்பி வரும்போது ஹவுராவிலிருந்து பெங்களூரு ரயிலில் இரண்டு ராத்திரி. சிலிகா ஏரியின் ஓரம் வண்டி போகிறபோதும் ராஜமுந்திரியில் கோதாவரியைக் கடக்கிறபோதும் ஜன்னலை விட்டு நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு பெரிய நாடு நடுவில் இருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இது போகும்போது நடந்திருக்க வேண்டும். வரும்போது எல்லோருக்கும் அலுப்பு, பையில் அழுக்குத் துணி, மனசு வீட்டில். விமானத்தைத் திரும்பி வருவதற்கு வைத்திருந்தால் இரண்டின் நல்ல பக்கமும் கிடைத்திருக்கும்.

ரயில் எடுப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கோரமண்டல் 2022-லிருந்து ஹவுராவுக்குப் போவதில்லை, ஷாலிமாரில் முடிகிறது. வெளியே வந்ததும் பாலம் நிற்கிற அந்தக் காட்சி ஷாலிமாரில் கிடையாது. சென்னையிலிருந்து என்றால் ஹவுரா மெயில், பெங்களூரிலிருந்து என்றால் ஹவுரா எக்ஸ்பிரஸ். இந்த இரண்டில் ஒன்றை எடுங்கள்.

ஆற்றைக் கடக்க மூன்று வழி

ஹூக்ளியைக் கடப்பதற்கு 2009-ல் இரண்டு வழிதான் எனக்குத் தெரியும்: பாலத்தில் நடப்பது, லஞ்ச் என்கிற பயணிகள் படகில் போவது. இப்போது ஆற்றுக்கு அடியிலும் போகலாம். 2024 மார்ச்சில் திறந்த மெட்ரோ, இந்தியாவில் ஆற்றுக்குக் கீழே ஓடும் முதல் மெட்ரோ. ஹவுரா மெட்ரோ நிலையம் தரைக்குள் முப்பது மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நகரும் படியில் இறங்க இறங்க முடிவதாகத் தெரியவில்லை. ஆற்றுக்கு அடியில் சுரங்கம் 520 மீட்டர். வண்டி அதைக் கடக்க 45 விநாடி. அந்த இடத்தில் மட்டும் சுரங்கச் சுவரில் நீல விளக்கு ஓடுகிறது. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினாள். நாற்பத்து மூன்றில் நீலம் போய்விட்டது. "அவ்ளோதானாப்பா ஆறு?" என்றாள்.

அதனால் மறுநாள் விடியற்காலையில் பாலத்துக்கே கூட்டிப்போனேன். 1943-ல் திறந்த பாலம், நீளம் 705 மீட்டர், ஆற்றுக்குள் ஒரு தூணும் கிடையாது. நட்டு போல்ட்டு இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே சேர்த்தது. 26,500 டன் எஃகில் பெரும்பகுதி டாட்டா ஆலையில் வார்த்தது. 2009-ல் தூண்களின் அடிப்பாகம் பான் எச்சிலில் சிவந்து கிடந்ததைப் பார்த்து மனம் கசந்தது. எச்சில் இரும்பை அரிக்கிறது என்று பிறகு அடிப்பாகங்களுக்குக் கண்ணாடி இழைக் கூடு போட்டுவிட்டார்கள். நடைபாதையில் தலைச்சுமைக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக வருவது மட்டும் மாறவேயில்லை. ஒதுங்கித்தான் நிற்க வேண்டும்.

பாலத்தின் கிழக்கு முனையில் படி இறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. ராயக்கோட்டைப் பக்கம் செண்டுமல்லித் தோட்டம் பார்த்து வளர்ந்தவனுக்கே அங்கே மூச்சு முட்டும். ஆள் உயரத்துக்குச் சரம் சரமாகச் செண்டுமல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். காளிக்குச் சார்த்த விரியாத செம்பருத்தி மொட்டைக் கோத்த மாலை ஒரு பக்கம். கீழே சேறும் நசுங்கிய இதழும் கலந்து செருப்பில் அப்பிக்கொள்கிறது. என் மனைவி ஒரு மாலையைக் கையில் வாங்கி, மொட்டுகளை எப்படிக் கோத்திருக்கிறார்கள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கிறவரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பும்போது லஞ்ச். குழந்தையோடு போகிறவர்களுக்கு மூன்றில் இதுதான் சுகம். பாலத்தை முழுசாகப் பார்ப்பதும் தண்ணீரிலிருந்துதான். மெட்ரோவை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை நீல விளக்குக்காகவும் போகலாம். நடப்பதாக இருந்தால் விடியலில் மட்டும்.

தங்குமிடம்

2009-ல் தங்கியது சதர் தெருவில். மியூசியத்தை ஒட்டிய சந்து, தோள்பைக்காரர்கள் காலங்காலமாகத் தங்குகிற இடம். ஒரு விடுதியில் மூன்றாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை, இரண்டு ராத்திரி மூட்டைப்பூச்சி. ஆனாலும் ஜெர்மன்காரர் ஒருவரோடும் நேபாளப் பையன் ஒருவனோடும் மொட்டை மாடியில் விடிய விடியப் பேசியது அங்கேதான். பாசத்தில் இந்த முறையும் அங்கேயே அறை பார்க்க நினைத்து, முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாலையில் மூவரும் போனோம். தெரு அப்படியேதான் இருக்கிறது. அந்த மாடிப் பேச்சு, தனியாக வந்த இருபத்து நான்கு வயசுக்காரனுக்குக் கிடைத்தது. குடும்பத்தோடு போனால் அது திரும்பக் கிடைக்காது, சந்தின் நெரிசல்தான் மிஞ்சும். தனியாகப் போகும் இளைஞர்களுக்கு இன்றைக்கும் சதர் தெருதான் சொல்வேன்.

நாங்கள் தங்கியது தெற்கே, லேக் மார்க்கெட் பக்கம். பல தலைமுறையாகத் தமிழர்கள் குடியிருந்த பகுதி. சந்தையில் கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கும். காலையில் இட்லி, சாப்பாட்டுக்கு ரசம் என்று குழந்தை வயிற்றுக்குப் பயமில்லை. ரவீந்திர சரோவர் ஏரியில் காலை நடை போகலாம். காளிகாட் நிலையம் நடக்கிற தூரம், அங்கிருந்து நகரத்தின் நடுவிலுள்ள எஸ்பிளனேடு ஆறாவது நிறுத்தம். பழகிய வாசனைக்காகத் தொலைதூர ஊருக்குப் போவதா என்று கேட்பார்கள். அங்கே நான் பார்த்தது தமிழ்நாட்டை இல்லை. சாயங்காலம் ஏரிக்கரைப் பெஞ்சில் கும்பலாக உட்கார்ந்து வங்காளிகள் போடுகிற அரட்டை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், மீனைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கும் பெரியவர்கள். 2009-ல் பன்னிரண்டு நாளில் இது எதுவும் என் கண்ணில் படவில்லை.

டிராம் பற்றி

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை, வருத்தம்தான் இருக்கிறது. 1873-ல் குதிரை இழுக்கத் தொடங்கிய டிராம், 2009-ல் எனக்கு ஊர் சுற்றும் வண்டியே அதுதான். 2024-ல் எஸ்பிளனேடு–மைதானம் பாதையைத் தவிர மற்றவற்றை நிறுத்தப் போவதாக மாநில அரசு அறிவித்துவிட்டது. அம்பாசிடர் மஞ்சள் டாக்ஸியும் அப்படித்தான். கார் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. கண்ணில் படும்போதே ஏறிவிடுங்கள். மெட்ரோ எங்கேயும் ஓடிப்போய்விடாது.

எந்த மாதம்

பூஜைக்குப் போவதா, டிசம்பரிலா என்றால் துர்கா பூஜையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் டிசம்பருக்கு ஒரு காரணம் கையில் இருக்கிறது: நொலென் குர். ஈச்ச மரத்தில் பானை கட்டி இறக்கிய சாற்றைக் காய்ச்சிய புது வெல்லம், குளிர்காலத்தில் மட்டும். எங்கள் பக்கமும் ஏரிக்கரையில் ஈச்ச மரம் நிற்கிறது, துடைப்பத்துக்கு ஓலை வெட்டுவோம். அதிலிருந்து இப்படி ஒரு வாசனை வரும் என்று எனக்குத் தெரியாது. அந்த வெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, இரண்டு ராத்திரி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அடுத்த தடவ ரயில்ல போனா நானும் வர்றேன்" என்றார். டிக்கெட் இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. அக்டோபரில் நான்கு பேருக்கு ஹவுரா மெயில் பார்க்க வேண்டும்.