வீட்டு சர்வரில் ஐஸ்கஸி: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

நெட்வொர்க் வழியாக சாம்பாவும் என்எஃப்எஸ்ஸும் ஃபைல்களைப் பகிரும். ஐஸ்கஸி (iSCSI) வட்டையே பகிரும். சர்வரில் ஒதுக்கிய இடம் இன்னொரு கணினியில் வெறும் ஹார்ட் டிஸ்க் மாதிரித் தெரியும். எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் என எதில் வேண்டுமானாலும் ஃபார்மேட் செய்துகொள்ளலாம். ஆனால் சாதாரண ஃபைல் சிஸ்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் மவுண்ட் செய்யக் கூடாது. செய்தால் இரண்டும் சேர்ந்து அதைச் சிதைத்துவிடும்.

அமைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. எல்ஐஓ என்ற டார்கெட், அதாவது வட்டைப் பகிரும் சர்வர் பக்க மென்பொருள், 2011இலிருந்தே லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரு இசட்வால் (வட்டு போலவே நடந்துகொள்ளும் ஒதுக்கிய இடம்) உருவாக்கி, எல்ஐஓவை அமைக்கும் டார்கெட்சிஎல்ஐ கருவியில் அதைச் சேர்த்து, எந்தக் கணினிக்கு அனுமதி என்று சொல்லி, 3260 போர்ட்டைத் திறந்தால் போதும். அந்தப் போர்ட் வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே தெரியவே கூடாது.

வேகத்தை எஃப்ஐஓ என்ற வட்டுச் சோதனைக் கருவியை வைத்துச் சோதித்தேன். ரேம் கேஷைத் தவிர்க்காமல் ஓட்டினால் கிகாபிட் வயரில் வரவே முடியாத எண்கள் வரும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். கிகாபிட்டின் உச்சமே நொடிக்கு 125 மெகாபைட். தொடர்ச்சியாகப் படிக்கும்போது அதைக் கிட்டத்தட்ட தொடலாம். ஆனால் மெய்நிகர் கணினிக்கும் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) டேட்டாபேஸுக்கும் முக்கியம் 4 கிலோபைட் போன்ற சிறு துண்டுகள்தான். ஒவ்வொரு கோரிக்கையும் போய்வர அரை மில்லிநொடி ஆனால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு 2000க்கு மேல் நடக்காது. அதனால்தான் 2.5 கிகாபிட் கார்டு போட்டபோது பெரிய ஃபைல்கள் பறந்தன, டேட்டாபேஸ் அப்படியேதான் இருந்தது.

நான் அதிகம் மெனக்கெட்டது வேறொரு சோதனைக்கு: எழுதிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குவது. பிழைச்செய்தி எதுவும் வராது, எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். கிளையண்ட் பக்க மென்பொருளான ஓபன்-ஐஸ்கஸியின் இயல்பு அமைப்பில் 120 நொடி காத்திருக்கும். அதற்குள் இணைப்பு திரும்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். தாண்டினால் பிழை மேலே போகும், எக்ஸ்ட்4 படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். சர்வரை அப்டேட் செய்து ரீபூட் பண்ணினால் இரண்டு நிமிடம் எளிதாகத் தாண்டிவிடும் என்பதால் அந்த வரம்பை நான் 600 ஆக்கினேன். ஒற்றை வயர் வீட்டுக்கு இது சரி. மல்டிபாத் (ஒரே வட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள்) வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, வரம்பு குறைவாக இருக்க வேண்டும். அப்புறம், எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலின் வரியில் ‘_நெட்டெவ்’ (_netdev, இது நெட்வொர்க் வட்டு என்ற குறிப்பு) இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஷட்டவுனின்போது நெட்வொர்க் முதலில் போய், கணினி அணையாமல் தொங்கும்.

நாள்பட்ட பிறகே தெரிந்த தொல்லை இடம் குறைவது. கிளையண்ட்டில் ஃபைலை அழித்தாலும் சர்வருக்கு அது தெரியாது, இசட்வால் ஊதிக்கொண்டே போகும். காலியான இடத்தைச் சர்வருக்குத் தெரிவிக்க உதவும் அன்மேப் வசதி எல்ஐஓவில் இயல்பாக அணைந்திருக்கிறது. அதை இயக்கி, கிளையண்ட்டில் அவ்வப்போது எஃப்எஸ்ட்ரிம் (காலி இடங்களை அறிவிக்கும் கட்டளை) ஓட்டிய பிறகே இடம் திரும்பியது. பழைய ஸ்னாப்ஷாட் (வட்டின் ஒரு கணத்து நிலையைப் பதிந்து வைப்பது) பிடித்து வைத்திருக்கும் இடம் மட்டும் அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்கும்வரை வராது.

இப்போது மெய்நிகர் கணினிகளின் வட்டுகளும் ஒரு டேட்டாபேஸும் மட்டும் ஐஸ்கஸியில் இருக்கின்றன. படங்களையும் ஆவணங்களையும் என்எஃப்எஸ்ஸுக்கே மாற்றிவிட்டேன். காரணம் வேகம் அல்ல. அழிந்த ஒரே ஒரு படத்தை மீட்க, இசட்வாலின் ஸ்னாப்ஷாட்டைக் குளோன் செய்து, மவுண்ட் செய்து, தேட வேண்டும். என்எஃப்எஸ் பக்கம் அதே வேலை ஸ்னாப்ஷாட் ஃபோல்டரைத் திறந்து ஒரு காப்பி போடுவதோடு முடிகிறது.